அவருடைய பப்

வெண்டி அவருடைய கோட்டுத் தோளிலிருந்து எதையோ எடுக்கிறாள். நூலாக இருக்கலாம், தலைமயிராக இருக்கலாம். இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, ஊதிவிட்டு, கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். அவரும் நிற்கிறார், விலகாமல், கூசாமல், தினமும் யாராவது தன் தோளைத் துப்புரவாக்கிவிடுகிற மனிதர் மாதிரி. அந்தக் கோட்டுக்கு இன்று காலை பிரஷ் போட்டது நான். கழுத்துப்பட்டி, தோள், கைமடிப்பு, எல்லாம் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். அதில் ஒரு நூலும் இருக்கவில்லை. அப்படியென்றால் அவள் எடுத்தது என்ன? ஒன்றும் இல்லாத இடத்திலா கை வைத்தாள்? நான் ஏன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்க்க இங்கே வேறு எவ்வளவோ இருக்கிறதே. இந்தச் சின்ன ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் மூன்று நாரைகள் என்ற இந்தப் பப்பின் வாசற்படியை இன்றைக்குத்தான் முதன்முதலாக மிதித்திருக்கிறேன். கூரை தாழப் பதிந்திருக்கிறது. கறுத்துப்போன உத்தரங்கள். உயரமான வெள்ளைக்காரர்கள் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார்கள், இவரும் குனிகிறார், ஐந்தடி நாலு அங்குல மனுஷனுக்கு எதற்குக் குனிவு? இந்த மணம். உள்ளே வந்தவுடன் நெஞ்சில் அடித்த இந்த மணம், பியரும் பழைய மரமும் ஈரக் கம்பளமும் அடுப்புக் கரியும் கலந்தது, இது எனக்குப் புதிதில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவருடைய கோட்டில் ஏறி என் வீட்டுக்கு வந்த மணம். வீட்டில் நாலு வேப்பிலையை எரித்தால் என்ன என்றுகூட யோசித்திருக்கிறேன், இங்கே வேப்பிலைக்கு எங்கே போவது. இப்போது நான் அவருடைய கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. கையில் தோடம்பழச் சாறு. பக்கத்துக் கதிரைகளில் ஊர்ச் சரித்திரச் சங்கத்துக்காரர்கள், தலை நரைத்தவர்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். மடியில் புத்தகம். இன்றைக்கு வெளியிடுகிறார்கள். ஓர் ஆற்றங்கரைப் பப்பின் நானூறு வருஷச் சரித்திரம். அட்டையில் மூன்று நாரை, கீழே இரண்டு பெயர், வெண்டி ஹார்கிரீவ்ஸ், கே. குலசேகரம், நடுவில் அந்த வளைந்த 'உம்' குறி. கலியாணக் கார்டில் போடுகிற மாதிரிப் போட்டிருக்கிறார்கள். அவளுடைய பெயர் முதலில். அகரவரிசையாம். ஹார்கிரீவ்ஸின் எச்சும் குலசேகரத்தின் கேயும். நேற்று நான் கேட்டபோது அப்படித்தான் சொன்னார், கேட்டதே பிழை என்கிற குரலில்.

"கூல்" என்று கூப்பிடுகிறாள் அவரை. குலசேகரம் என்பது வாயில் வராமல் குல் என்று குறுக்கி, அது கூல் ஆகி, இந்தப் பப் முழுக்க அவர் கூல். நான் அவரை ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சேருங்கோ. இஞ்சேருங்கோ, தேத்தண்ணி. இஞ்சேருங்கோ, ரெலிபோன். மகள் ஆரணி பிறந்த பிறகு கொஞ்சக் காலம் ஆரணியின்ரை அப்பா. பெயரில்லாமலே ஒரு மனுஷனோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவளோ வாய்க்கு வந்ததைப் பெயராக்கி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிடுகிறாள். கோபிக்க என்ன இருக்கிறது, அறுபது வயதுக் கிழவி, முழங்கால் நோ, மழைச் சப்பாத்து, புருஷன் விட்டுவிட்டுப் போனவன், லைப்ரரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். நல்ல மனுஷி. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நல்ல மனுஷி என்பதுதான் பெரிய கரைச்சல், கெட்டவள் என்றால் ஆரணியோடு ரெலிபோனில் திட்டித் தீர்த்துவிடலாம். ஆரணி சிரிப்பாள். "அம்மா, அவருக்கு ஒரு ஃபிரெண்ட் இருக்கட்டுமன், பிளீஸ்." இருக்கட்டும். செவ்வாய்க்கிழமைகள் போகட்டும் என்று எப்போதோ விட்டாயிற்று. கலியாணம் முடித்து நான் வந்த முதல் செவ்வாயே வெளிக்கிட்டவர். "எங்கை போறியள்?" "சும்மா, ஒருக்கா நடந்திட்டு வாறன்." நடந்து முடிய இரண்டரை மணித்தியாலம். வரும்போது இந்த மணம். பொம்பிளைகள் போகிற இடமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன், அவர் சொல்லவில்லை. வாரும் என்றும் சொல்லவில்லை. அதையெல்லாம் பொறுத்தேன், பொறுக்க முடியாதது மாமியின் திவசத்து அன்று அவர் இங்கே வருவதுதான். விடிய எழும்பித் தலை முழுகி, வாழைக்காய், கத்தரிக்காய், பயிற்றங்காய் என்று லண்டனிலிருந்து எடுப்பித்த மரக்கறி வைத்து, வடை சுட்டு, கண்ணால் காணாத மாமியின் படத்துக்கு முன்னால் நான் படைப்பேன். அவர் கும்பிடுவார். ஒன்றும் பேசாமல் சாப்பிடுவார். கை கழுவுவார். கோட்டை எடுப்பார். செவ்வாயாக இராவிட்டாலும் அன்றைக்கு இங்கேதான். பெத்த தாயின் திவசத்தில் குடிக்கப் போகிற ஒரு பிள்ளையை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள். ஒரு வருஷம் கதவை மறித்து நின்றே கேட்டேன். "இண்டைக்குமோ? இண்டைக்காவது விடக்கூடாதோ?" என்னைப் பார்த்தார், அந்தப் பார்வைக்கு அன்றும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை, "விடும் லோகா" என்று மட்டும் சொல்லிப் பக்கவாட்டில் நழுவிப் போனார். அன்றைக்கு முழுக்க மாமியின் படத்தோடு நான்தான் இருந்தேன். உங்கடை மகனைப் பாருங்கோ மாமி என்று.

கரண்டியால் கிளாஸில் தட்டுகிறார்கள். வெண்டி எழும்புகிறாள், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டபடி பேசுகிறாள், தாள் பாராமல். இந்த வீடு முதலில் படகுக்காரர்களுக்குச் சாராயம் வார்த்த ஒரு கொட்டில். பிறகு குதிரைவண்டிகள் நிற்கிற இடம். சம்பள நாளில் வேலையாட்களுக்குக் கூலி கொடுத்ததும் இங்கே, அந்தக் கூலி கதவைத் தாண்டாமலே முடிந்ததும் இங்கே. எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு ஜோப் லிங்வுட் கதைக்கு வருகிறாள். ஜோப் லிங்வுட் சுமைப்படகில் கூலியாள், பள்ளிக்கூடம் போகாதவன், கவிஞன். இந்தச் சுவரில், இதோ இந்த அடுப்புக்கு மேலே, கரித்துண்டால் கவிதை எழுதுவானாம். எல்லாம் பப் முதலாளியின் மனைவியைப் பற்றி. முதலாளிக்கு வாசிக்கத் தெரியாது. ஒருநாள் வாசிக்கத் தெரிந்த யாரோ குடித்துவிட்டு உரக்க வாசித்துவிட்டான். அடுத்த நாள் முதலாளி வாளி நிறையச் சுண்ணாம்பு கரைத்துச் சுவர் முழுக்க அடித்துவிட்டான். ஆனால் அந்த மனைவி அதற்குள் எல்லாவற்றையும் பாடமாக்கியிருந்தாளாம், முதலாளி செத்த பிறகு ஊர்ப் பாதிரியார் ஒருவருக்கு வரி வரியாகச் சொல்லி எழுதுவித்தாளாம், இன்றைக்குக் கல்லூரிகளில் படிப்பிக்கிறார்களாம். கை தட்டுகிறார்கள். எனக்கோ அந்த முதலாளியைப் பிடித்துப்போய்விட்டது. வாசிக்கத் தெரியாத மனுஷன், தன் சொந்தச் சுவரில் தன் பெண்சாதியைப் பற்றி இருந்ததை ஊர் முழுக்க வாசித்த பிறகு கடைசியாகத் தெரிந்துகொண்டவன். வாளியும் தூரிகையுமாக விடியக் காலமை எழும்பியிருப்பான். அவன் பெயரை வெண்டி சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போது அவர் எழும்புகிறார். வெண்டி அவருடைய முழங்கையை ஒரு தரம் தொட்டுவிட்டு உட்காருகிறாள். எதற்குத் தொட்டாள்? தைரியத்துக்காம். முப்பது வருஷமாக பஸ் டிப்போக் கந்தோரில் இருபது டிரைவர்களை மேய்த்த மனுஷனுக்கு இவள் தைரியம் கொடுக்கிறாளாம்.

அவருடைய ஆங்கிலம் இவ்வளவு நல்லதென்று எனக்குத் தெரியாது. வீட்டில் பாங்குக்காரனோடும் கரண்டுக்காரனோடும் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அது வேறு, அது விறைத்த ஆங்கிலம். இது சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஆங்கிலம். வாக்கியத்தின் நடுவில் நிறுத்துகிறார், எல்லோரும் காத்திருப்பார்கள் என்று தெரிந்து நிறுத்துகிறார், காத்திருக்கிறார்கள், பிறகு மெல்ல முடிக்கிறார், சிரிக்கிறார்கள். இந்த ஆளை யார் வளர்த்தது. நான் இல்லை. ஆற்றில் யாராவது தாண்டு மூழ்கிச் செத்தால், என்று சொல்கிறார், அந்தக் காலத்தில் பிரேதத்தை வைக்க வேறு இடம் இல்லையாம். இந்தப் பின்னறைக்குத்தான் கொண்டுவருவார்களாம். மரண விசாரணையும் இங்கேயே, பன்னிரண்டு பேர் சுற்றி நின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்களாம். முன்னால் குடி, பின்னால் பிணம். ஊர் பேர் தெரியாத பிரேதமென்றால் உரிமைகோரி யாராவது வரும்வரை முறை வைத்துக் கூட இருப்பார்களாம், தனியே விடக் கூடாதென்று. இதையெல்லாம் எப்போது படித்தார். ஆயிரத்து எண்ணூறாம் ஆண்டில் இந்தப் பின்னறைக்கு யார் பிணமாக வந்தார்கள் என்று தெரிகிறது, என்னைப் பெற்ற ஐயா எந்த ஆஸ்பத்திரியில் செத்தார் என்று கேட்டால் ஒரு நிமிஷம் யோசிப்பார். எனக்கு இந்த உத்தரங்கள் மீது எரிச்சல் வருகிறது. மரத்தின் மீது பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேன், வயது ஐம்பத்தெட்டு. சாறு இனிக்கவே இல்லை. முடிக்கட்டும், கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் போடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவருடைய குரல் மாறுகிறது. எல்லோரையும் விட முதலில் எனக்குத்தான் தெரிகிறது அது மாறுவது. "இந்த அத்தியாயத்தில் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும்" என்கிறார். "வெண்டிக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது."

வேறு ஒருவருக்கும். அதற்குள் நானும் அடக்கம். தொண்ணூறாம் ஆண்டு, என்று தன் கதையைத் தன் வாயால் சொல்லத் தொடங்குகிறார். நான் கோழி வெட்டுகிற ஃபக்டரியில் வேலை செய்தேன், இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் இருந்தேன், என் அறையில் ரெலிபோன் இல்லை. அப்போது இந்தப் பப்பின் முதலாளி ரெஜ். இந்த நம்பரை ஊருக்குக் கொடு, யாராவது அழைத்தால் உன்னைக் கூப்பிட்டுவிடுகிறேன் என்று அவர்தான் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. எடுத்தது இங்கே பாரில் வேலை செய்த பெண். என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை, என் பெயர் மட்டும் விளங்கியது. ஏப்ரனோடு, மழையில், ஃபக்டரிவரை ஓடிவந்தாள். அந்தப் பெண் வெண்டி. அவர் அவளைப் பார்க்கிறார். எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் சரித்திரச் சங்கத்தில் சேர்ந்தபோது பழக்கம் என்றல்லவோ நான் நினைத்தேன். இவள் எனக்கு முன்னமே இருந்திருக்கிறாள். நான் சாவகச்சேரியில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, கலியாணப் பேச்சுக்கால் சரிவருமோ வராதோ என்று இருந்த காலத்தில் இவள் இருபத்தைந்து வயதில் ஏப்ரனோடு மழையில் அவரிடம் ஓடியிருக்கிறாள். அவர் தொடர்ந்து சொல்கிறார். நான் வந்து நிற்க என் அக்கா திரும்பவும் ரெலிபோன் எடுத்தா, கொழும்பிலிருந்து. அம்மா குண்டுவீச்சில் போய்விட்டா என்றா. போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது என்றா. யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வர அவ்வளவு நாள். எல்லாம் முடிந்து, எரித்து, சாம்பலும் கரைத்தாயிற்று. நான் ரிசீவரை வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ரெஜ் என்னவென்று கேட்டார், சொன்னேன். அவர் உடனே துவாய்களை எடுத்து பியர் வார்க்கிற பிடிகள் எல்லாவற்றையும் மூடினார். இங்கிலாந்தில் அதற்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும், இனி வார்க்கமாட்டோம் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை, சம்பள நாள். வாசல் கதவைச் சாத்தினார். உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னோடு இருந்தார்கள். என் பெயரைக்கூட உச்சரிக்கத் தெரியாத மனுஷர்கள். பொழுதுபடும்வரை இருந்தார்கள். நான் அழுதேன். "கூட இருக்க எனக்கு ஒரு பிரேதம் இருக்கவில்லை" என்கிறார் அவர், "இவர்கள் என்னோடு இருந்தார்கள்." பின்னறையைக் காட்டுகிறார். இந்த வீட்டுக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது, அது எனக்கு அப்போது தெரியாது, இந்தப் புத்தகத்துக்காகத் தேடியபோதுதான் தெரிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் நினைவு நாளில் இங்கே வந்து ஒரு கிளாஸ் லெமனேட் குடித்துவிட்டுப் போகிறேன்.

லெமனேட். யாரோ தொடங்கிக் கை தட்டுகிறார்கள், பக்கத்துக் கிழவி என் கையைப் பிடித்து அழுத்துகிறாள், "நீங்கள் எவ்வளவு பெருமைப்படுவீர்கள்" என்கிறாள், எனக்குப் பெருமையா, எனக்கு என்ன வருகிறதென்று எனக்கே தெரியவில்லை. குடிக்கப் போகிறார் என்றல்லவோ இருந்தேன். கதவை மறித்தல்லவோ நின்றேன். மாமியிடம் கோள் சொன்னேனே, உங்கடை மகனைப் பாருங்கோ என்று, மாமிக்குத் தெரிந்திருக்கும், அவவும் அந்தப் படத்துக்குள் இருந்து என்னை என்ன நினைத்திருப்பா. ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? சொன்னால்தானே தெரியும். விடும் லோகா என்றால் என்ன தெரியும்? அவர் அழுது நான் கண்டதில்லை. ஐயா செத்த செய்திக்கு அழவில்லை, சரி, அது என் ஐயா. ஆரணி ஏழாம் மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அழவில்லை. நான் அழுதேன், அவர் துவாய் எடுத்துத் தந்தார். கல் மனுஷன் என்று என் தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறேன், கல்லோடு வாழப் பழகிவிட்டேன் என்று, அதில் ஒரு பெருமை கூட எனக்கு. இப்போது பார்த்தால் அழத் தெரிந்த மனுஷன்தான். இந்த வீட்டில் அழுதிருக்கிறார். இந்தக் கம்பளத்தில், இந்தக் கதிரைகளில் ஒன்றில் உட்கார்ந்து. அப்போது வெண்டி எங்கே நின்றாள்? பக்கத்தில் நின்றிருப்பாள். ஈர ஏப்ரனோடு. தோளைத் தொட்டிருப்பாள், அந்த இரண்டு விரல் இல்லை, முழுக் கையும். அவள் கண்டிருக்கிறாள். முகம் எப்படிக் கோணும், வாய் எந்தப் பக்கம் இழுபடும், சத்தம் வருமா வராதா, எல்லாம் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று யாராவது சொல்லியிருந்தால் இப்படி எரியாது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, சண்டை பிடிக்கலாம், உடுப்பைப் பெட்டியில் அடுக்கலாம். இதற்கு எந்தப் பெட்டியை எடுப்பது? மாமியின் மரணத்தை என் கையால் சமைத்து வருஷா வருஷம் படைத்தது நான், அதை வைத்திருந்தது அவள்.

கேள்வி நேரம் என்கிறார்கள். யாரோ ஒரு கிழவர் கள்ளக்கடத்தல் சுரங்கம் ஆற்றுக்குப் போகிறது என்பது உண்மையா என்று கேட்கிறார். அவர் இல்லை என்கிறார், அது சாக்கடை. சிரிப்பு. வேறு யாராவது என்று வெண்டி சுற்றிப் பார்க்கிறாள். என் கை மேலே இருக்கிறது. நான் தூக்கினேனா அதை? பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் கை தூக்கியதில்லை.

"லோக்கா!" என்கிறாள் வெண்டி, முகமெல்லாம் மலர்ந்து. "கூலின் மனைவி, எல்லோருக்கும் தெரியுமோ? கேளுங்கள், லோக்கா."

எழும்புகிறேன். சேலை கதிரைக் காலில் மாட்டி இழுபடுகிறது. ஆங்கிலத்தில் வசனம் தயாராக இருந்தது, மிகவும் சந்தோஷம், நன்றி, என்று தொடங்கி. வாயைத் திறந்தால் அது வரவில்லை.

"இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

தமிழ் இந்தச் சுவர்களில் பட்டுத் திரும்புகிறது. அவர் என்னைப் பார்க்கிறார். கதவை மறித்த நாளில் பார்த்தாரே, அதே பார்வை.

"லோகா, வீட்டை போய்க் கதைப்பம்."

"இல்லை. இஞ்சை கேட்டனான், இஞ்சை சொல்லுங்கோ. இவையளுக்குச் சொன்னியள்தானே. உவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் கதவை மறிச்சனான். அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

எல்லோரும் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள், தலையைச் சரித்துக்கொண்டு, ஏதோ வடிவான கீழைத்தேயக் கேள்வி என்று. அவர் கையில் இருந்த புத்தகத்தை மேசையில் வைக்கிறார். திரும்ப எடுக்கிறார்.

"உமக்குச் சொல்லுறதெண்டா தமிழிலை சொல்லவேணும்," என்கிறார். "இங்கிலீசிலை சொன்னா அது நடந்த கதை. தமிழிலை சொன்னா அம்மா செத்துப்போவா. என்னாலை ஏலாது லோகா. எத்தனையோ தரம் சொல்ல வெளிக்கிட்டனான். ஏலாமல் போட்டுது."

கதிரைக் காலில் மாட்டிய சேலையை இழுத்து எடுக்கிறேன். நின்றுகொண்டிருக்கிறேன்.

"கூல், கேள்வி என்ன?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். "எங்களுக்கும் சொல்லுங்களேன்."

அவர் சபையைப் பார்க்கத் திரும்புகிறார். "என் மனைவி கேட்கிறா," என்கிறார் ஆங்கிலத்தில், "அந்த ரெலிபோன் எந்த இடத்தில் இருந்தது என்று."

பொய். முழுப் பொய். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டதும் அறை முழுக்க அசைகிறது. கதிரைகள் நகர்கின்றன, அங்கே, அங்கே என்று ஆளுக்காள் கை காட்டுகிறார்கள். ஒரு கிழவர் இல்லை, இன்னும் இந்தப் பக்கம் என்கிறார். இப்போதைய முதலாளி வந்து ஒரு படத்தைக் கொளுவியிலிருந்து தூக்கிப் பிடிக்கிறார், பின்னால் சுவரில் ஆணி அடித்த நாலு துளை, ஒரு சதுரம் வெளிறிப்போய். வழி விடுகிறார்கள். போகாமல் இருக்க முடியாது, போகிறேன். கையை வைக்கிறேன். வெறும் சுவர், கொஞ்சம் குளிர். என் தலைமட்டத்துக்கு இருக்கிறது, அவருக்கு வாய் மட்டத்துக்கு இருந்திருக்கும். இங்கே நின்று அக்காவின் குரலைக் கேட்டிருக்கிறார், இருபத்தெட்டு வயதில், கோழி மணக்கிற கையோடு. எனக்கு அந்தப் பெடியனைத் தெரியாது. தெரிந்தவள் பின்னால் நிற்கிறாள். "நான் அன்றைக்கு அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, லோக்கா" என்கிறாள் வெண்டி, மெல்ல, எனக்கு மட்டும் கேட்க. "என்ன சொல்வதென்று தெரியவில்லை. கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டே நின்றேன். எல்லாம் துடைத்து முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து துடைத்தேன்." அவளுடைய கண் கலங்கியிருக்கிறது. தொடவில்லையாம். பாருக்கு அந்தப் பக்கம்தான் நின்றாளாம். இது எனக்கு ஆறுதல் தரவேண்டும், தருகிறதுதான், ஒரு துளி, உடனே அடுத்தது வருகிறது, பார்த்தாள்தானே, அழுததைப் பார்த்தாள்தானே, கிளாஸ் துடைத்தபடி பொழுதுபடும்வரை. நன்றி என்கிறேன் அவளுக்கு. உண்மையாகத்தான் சொல்கிறேன், சொல்லும்போதே பல்லைக் கடிக்கிறேன். இரண்டும் ஒரே வாய்க்குள் எப்படி இருக்கிறது? காற்றுப் பிடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்கதவால் வெளியே வருகிறேன்.

ஆற்றங்கரையில் உட்கார மர வாங்குகள். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான், பலகை ஈரம், சேலையைப் பாராமல் உட்காருகிறேன். தண்ணீர் சத்தமில்லாமல் போகிறது. உள்ளே புத்தகங்களில் கையெழுத்துப் போடுகிற நேரம். வரமாட்டார். அங்கே நிற்பார், குனிந்து எழுதுவார், அவள் பக்கத்தில் இருந்து பக்கத்தைப் பிரித்துக் கொடுப்பாள். வராவிட்டால் என்ன செய்வது? நடந்து போகலாம், வீடு தூரமில்லை, போய் என்ன, அந்தப் படத்துக்கு முன்னால் போய் நிற்கிறதா, மாமிக்கு என்ன சொல்கிறது. கதவு திறக்கிறது. பார்க்கமாட்டேன். சப்பாத்துச் சத்தம் அவருடையது, இடது கால் கொஞ்சம் இழுக்கும். பக்கத்தில் வந்து உட்காருகிறார், ஈரப் பலகையில், பிரஷ் போட்ட கோட்டோடு. நாங்கள் இருவரும் ஆற்றைப் பார்க்கிறோம்.

"சொல்லுங்கோ," என்கிறேன். "தமிழிலை."

"லோகா..."

"இவ்வளவு காலம் சமைச்சுப் படைச்சனான். எனக்குச் சொல்லவேணும்."

வாயைத் திறக்கிறார். மூடுகிறார். கையை முழங்காலில் வைத்துத் தேய்க்கிறார், மேலும் கீழுமாக. நான் உதவி செய்யப் போவதில்லை. பின்கதவு திரும்பத் திறக்கிறது, சத்தமும் வெளிச்சமும் கொஞ்சம் வெளியே கொட்டுகின்றன, வெண்டி தலையை நீட்டுகிறாள். "கூல், சனம் வரிசையில் நிற்கிறது. நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டால்..."

திரும்பி அவளைப் பார்க்கிறேன். "அவர் தன் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறார்," என்கிறேன், ஆங்கிலத்தில், பிழையில்லாமல். அவர் இன்னும் என் பெயரைத் தவிர ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. வெண்டி என்னைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள். தலையை ஆட்டிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்துகிறாள்.

"அக்கா ரெலிபோனிலை 'தம்பி' எண்டவ," என்று தொடங்குகிறார். நிறுத்துகிறார். "தம்பி எண்டுபோட்டுக் கன நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. அப்பவே எனக்கு விளங்கீட்டுது. அம்மா..." குரல் உடைகிறது. விடுகிறேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு விடுகிறேன். "அம்மா பங்கருக்குள்ளைதான் இருந்தவ லோகா. எல்லாரும் இருந்தவை. பிளேன் சுத்திக்கொண்டு நிக்குது. பின்வளவிலை மாடு கத்தினது. கட்டிக் கிடக்குது, அவிட்டுவிட்டா ஓடித் தப்பும் எண்டு எழும்பினவவாம். அப்ப அம்மாவோடை இருந்த அக்காவின்ரை மூத்தவன் சீலையைப் பிடிச்சு இழுத்தவன். கையைத் தட்டிப்போட்டுப் போனவ."

இப்போது அவருடைய முகம் கோணுகிறது. இடப்பக்கம். வாய் இடப்பக்கமாக இழுபடுகிறது, சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்குகிறது. நான் பார்க்கிறேன். வேறெங்கும் பார்க்காமல் முழுக்கப் பார்க்கிறேன்.

"மாடு?" என்று கேட்கிறேன், கொஞ்சம் அடங்கிய பிறகு.

"அவிட்டுவிட்டிட்டா. மாடு தப்பீட்டுது."

மூக்கைத் துடைக்கிறார். நான் அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்கிறேன், இரண்டு கையாலும் பொத்துகிறேன். கேட்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. இந்த நேரத்தில் எந்த மனுஷியும் கேட்கமாட்டாள்.

"இது வெண்டிக்குத் தெரியுமோ? மாட்டின்ரை கதை?"

இல்லையென்று தலையை ஆட்டுகிறார். "ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உமக்குத்தான்."

"நல்லது," என்கிறேன்.